பழைய கேமுக்கு எந்தக் கன்ட்ரோலர்? முதலில் பட்டன்களை எண்ணுங்கள்

"எமுலேட்டரில் ஆட நல்ல கன்ட்ரோலர் எது?" என்று யாராவது கேட்டால் போதும். அவர் என்ன கேம் ஆடப்போகிறார் என்று விசாரிக்காமலேயே பதில்கள் வந்து விழும். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் வாங்குங்கள், எல்லாவற்றுக்கும் ஒத்துவரும் என்பார் ஒருவர். வயர்லெஸ் பக்கமே போகாதீர்கள், லேக் அடிக்கும், அதாவது அழுத்தியது தாமதமாகத்தான் திரையில் தெரியும் என்பார் இன்னொருவர். விலை கூடினால் தரமும் கூடும் என்று ஒரு கட்சி வேறு இருக்கிறது. எதுவும் முழுப் பொய்யில்லை. ஆனால் இவற்றை நம்பி நல்ல காசு கொடுத்து வாங்கிவிட்டு, மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் கேமில் ஒரு கட்டையை நேராக இறக்க முடியாமல் முழிப்பவர்கள் ஏராளம்.

கன்ட்ரோலருக்கும் எமுலேட்டருக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை புரிந்துவிட்டால், மாடல் பெயரை யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது. அதை அடியிலிருந்து பார்ப்போம்.

எமுலேட்டருக்கு உங்கள் கன்ட்ரோலரைத் தெரியாது

எமுலேட்டர் என்பது ஒரு பழைய கேம் கருவியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள். 1983இல் ஜப்பானில் வந்த நின்டெண்டோவின் ஃபேமிகாம், 1990இல் வந்த சூப்பர் ஃபேமிகாம், 1994இல் வந்த சோனி பிளேஸ்டேஷன் போன்றவற்றின் சிப்கள் செய்த வேலையை உங்கள் கணினியோ போனோ செய்து காட்டுகிறது. ஃபேமிகாமுக்கு ஜப்பானுக்கு வெளியே நெஸ் என்று பெயர், சூப்பர் ஃபேமிகாமுக்கு சூப்பர் நின்டெண்டோ. தொண்ணூறுகளில் நம் ஊரில் 'டிவி கேம்' என்று விற்ற, கேசட் செருகி ஆடிய பெட்டிகள் பெரும்பாலும் நெஸ்ஸின் நகல்கள்தான்.

நெஸ் கன்ட்ரோலரில் நான்கு திசைகள், ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட் என மொத்தம் எட்டு பட்டன். உள்ளே இருந்தது ஒரே ஒரு சிறு சிப். திரையில் நொடிக்கு ஏறத்தாழ 60 முறை புதிதாக வரையப்படும் படத்துக்கு ஃபிரேம் என்று பெயர். பொதுவாக ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒருமுறை கேம் அந்தச் சிப்பிடம் கேட்கும். எட்டு பட்டன்களும் அழுத்தப்பட்டிருக்கின்றனவா, இல்லையா என்று சிப் வரிசையாகப் பதில் சொல்லும். எட்டு ஆம்-இல்லை, அவ்வளவுதான். அழுத்தியது எவ்வளவு பலமாக, எந்தப் பிளாஸ்டிக்கின் மேல் என்பதெல்லாம் கேமுக்குத் தெரியவே தெரியாது.

எமுலேட்டரின் வேலை அந்த எட்டு இடங்களையும் நிரப்பித் தருவது. எதை வைத்து நிரப்பினாலும் கேம் நம்பிவிடும்.

கணினியில் தமிழ் தட்டச்சு செய்பவர்களுக்கு இது பழகிய சங்கதிதான். தமிழ்99 முறையில் 'எச்' என்று அச்சிட்ட விசையைத் தட்டினால் 'க' வரும். ஒலிபெயர்ப்பு முறையில் அதே எழுத்துக்கு 'கே' விசையில் தொடங்க வேண்டும். மேசைமேல் இருக்கும் விசைப்பலகை அதேதான், எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற பட்டியல்தான் மாறியிருக்கிறது. எமுலேட்டரும் இப்படி ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதற்கு மேப்பிங் என்று பெயர்.

பல எமுலேட்டர்களை ஒரே இடத்திலிருந்து ஓட்டும் ரெட்ரோஆர்ச் போன்ற மென்பொருளில் இந்தப் பட்டியல் இரண்டு படிகளாக இருக்கும். உங்கள் கையில் இருப்பது முதலில் ரெட்ரோபேட் என்ற கற்பனைக் கன்ட்ரோலராக மாறும். அப்புறம் அந்த ரெட்ரோபேட், நீங்கள் ஆடும் கேமைப் பொறுத்து, நெஸ் கன்ட்ரோலராகவோ சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் கன்ட்ரோலராகவோ மாறும். பட்டன் தாறுமாறாக இருக்கிறது என்று புலம்புகிறவர்கள் பலரும் இரண்டாவது படியில் இருக்கும் கோளாறை முதல் படியில் போய்த் தேடுகிறார்கள். ஒரே ஒரு கேம் கருவியில் மட்டும் குழப்பம் என்றால் இரண்டாவது படியைப் பாருங்கள். எல்லாவற்றிலும் குழப்பம் என்றால் முதல் படி.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: ஆம்-இல்லை சொல்லத் தெரிந்த எந்தக் கன்ட்ரோலரும் எமுலேட்டரில் வேலை செய்யும். அதனால் 'வேலை செய்யுமா' என்ற கேள்வியால் பயனில்லை. பழைய கன்ட்ரோலரில் உங்கள் விரல் இருந்த இடம் புதியதில் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

எத்தனை பட்டன், எந்த வடிவில்?

1977இல் வந்த அடாரி 2600க்கு ஒரு ஜாய்ஸ்டிக், ஒரு பட்டன். நெஸ்ஸில் ஏ, பி இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். சூப்பர் நின்டெண்டோவில் நான்கு பட்டன்கள் வைர வடிவில் அமைந்தன. போதாததற்கு மேல் விளிம்பில் எல், ஆர் என்று இரண்டு. விளிம்பில் சுட்டுவிரலுக்கு வைக்கும் இவற்றைத் தோள் பட்டன்கள் என்பார்கள். பிளேஸ்டேஷன் அந்தத் தோள் பட்டன்களை நான்காக்கியது. இன்று கடையில் கிடைக்கும் கன்ட்ரோலர்களில் பெரும்பாலானவை இந்தக் குடும்பத்தின் வாரிசுகள்.

எனவே நெஸ், சூப்பர் நின்டெண்டோ, கேம்பாய் அட்வான்ஸ், பிளேஸ்டேஷன் ஆகியவற்றுக்கு இன்றைய எந்தக் கன்ட்ரோலரிலும் பட்டன் பற்றாக்குறை வராது. சிக்கல் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது.

ஒன்று, சேகாவின் மெகா டிரைவ். 1988இல் வந்தபோது அதற்கு ஏ, பி, சி என்று வளைந்த வரிசையில் மூன்று பட்டன். பிறகு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தது. 1991இல், காசு போட்டு ஆடும் எந்திரங்கள் இருக்கும் கேம் சென்டர்களில் இறங்கிய அந்தச் சண்டை கேமுக்கு ஆறு பட்டன் வேண்டும்: மேல் வரிசையில் மூன்று குத்து, கீழ் வரிசையில் மூன்று உதை, ஒவ்வொன்றிலும் இடமிருந்து வலமாக பலம் கூடும். அதற்கு ஈடுகொடுக்க சேகா 1993இல் ஆறு பட்டன் கன்ட்ரோலரை விட்டது. இரண்டு வரிசையும் பெருவிரலுக்கு அடியிலேயே இருக்கும். இன்றைய வைர வடிவில் நான்குக்குத்தான் இடம். மீதி இரண்டும் தோள் பட்டன்களுக்குப் போக வேண்டும், அதாவது பலத்த குத்தும் பலத்த உதையும் சுட்டுவிரலின் பொறுப்பாகிவிடும். சூப்பர் நின்டெண்டோவிலும் அப்படித்தான் இருந்தது என்பதால் அதில் ஆடி வளர்ந்தவர்களுக்கு இது குறையாகவே தெரியாது. மெகா டிரைவிலோ சேகா சாட்டர்னிலோ பழகியவருக்கு கை ஒத்துழைக்காது.

இன்னொன்று நின்டெண்டோ 64. மூன்று கொம்பு முளைத்த மாதிரி இருக்கும் அந்த 1996 கன்ட்ரோலரில், பெருவிரலால் எந்தப் பக்கமும் சாய்க்கும் ஸ்டிக் ஒன்றே ஒன்று. வலப்பக்கம் ஏ, பி தவிர 'சி' என்ற பெயரில் நான்கு சிறிய மஞ்சள் பட்டன்கள். அடியில் துப்பாக்கி விசை மாதிரி இசட். இன்றைய கன்ட்ரோலரில் அந்த நான்கு சி பட்டன்களையும் வலது ஸ்டிக்கில் ஏற்றுவதுதான் வழக்கம். கேமராவைத் திருப்ப மட்டும் அவற்றைப் பயன்படுத்தும் கேமில் இது சௌகரியமாகவே இருக்கும். ஆனால் 1998இல் வந்த செல்டா: ஒக்கரினா ஆஃப் டைமில் சி பட்டன்களால் பொருள்களை எடுக்க வேண்டும், குழலில் சுரம் வாசிக்க வேண்டும். சுரத்தை ஸ்டிக்கைத் தள்ளி வாசித்துப் பாருங்கள், எரிச்சல் வரும். அந்தக் கருவியின் கேம்களை மட்டுமே உயிராக நினைப்பவருக்குத்தான் அதே வடிவக் கன்ட்ரோலர் தேவை. நின்டெண்டோவே 2021இல் தன் ஸ்விட்ச் சந்தாதாரர்களுக்காக அதை மறுபடி வெளியிட்டது.

டி-பேட்: எல்லாம் இங்கேதான் இருக்கிறது

இடது பெருவிரலுக்கு அடியில் கூட்டல் குறி போல் இருக்குமே, அதுதான் டி-பேட். முப்பது வருடத்துக்கு முந்தைய கேம்களில் முக்கால்வாசிக்கு இதுதான் உயிர். கன்ட்ரோலர் வாங்குகிறவர்கள் கடைசியாகக் கவனிப்பதும் இதைத்தான். என்னைக் கேட்டால், டி-பேட் சரியில்லாத கன்ட்ரோலரில் மற்ற எந்த வசதி இருந்தும் பழைய கேமுக்கு ஆகாது.

இதன் இன்றைய வடிவத்தைக் கொடுத்தவர் நின்டெண்டோவின் குன்பே யோகோய். 1982இல் வந்த டாங்கி காங் கேம் அண்ட் வாட்ச் என்ற கையடக்கக் கருவியில் அது முதலில் இடம்பெற்றது. திறந்து பார்த்தால் ஒரே துண்டு பிளாஸ்டிக். அதற்கு அடியில் நான்கு ரப்பர் குமிழ்கள். ஒவ்வொரு குமிழின் உட்புறத்திலும் மின்சாரம் கடத்தும் கரிப் பூச்சு. குமிழ் அமுங்கியதும் கரி கீழே உள்ள தகட்டைத் தொடும், சுற்று மூடும், 'ஆம்' என்ற பதில் போகும்.

பிளாஸ்டிக்குக்கு நடுவில், கீழ்ப்பக்கம், ஒரு சிறு முட்டு இருக்கும். முழு சூட்சுமமும் அதில்தான். அந்த முட்டின் மேல் டி-பேட் சாய்ந்தாடுவதால் இடது கீழே போனால் வலது தானாக மேலே எழும். இரண்டும் ஒருசேர அமுங்க வழியில்லை. அன்றைய புரோகிராமர்களும் அதை நம்பியே எழுதினார்கள். விசைப்பலகையில் ஆடும்போது இடதையும் வலதையும் ஒன்றாக அழுத்த முடியுமே, அப்போது சில கேம்கள் நிலைகுலைந்து போகும். நெஸ்ஸின் செல்டா 2இல் கதாநாயகன் கண்டபடி வேகமெடுத்துப் பறப்பது இதற்குப் பேர்போன உதாரணம். எதிரெதிர் திசைகளைத் தடுக்கும் அமைப்பு பல எமுலேட்டர்களில் இருப்பது இதற்காகத்தான்.

முட்டு தேய்ந்திருந்தாலோ, முதலிலேயே குட்டையாக வார்க்கப்பட்டிருந்தாலோ, வலதை அழுத்தும்போது மேலோ கீழோ சேர்ந்து அமுங்கும். கேட்காமலேயே குறுக்குத் திசை விழும். ஒரு மேடையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் கேமில் இதை நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். டெட்ரிஸில் கட்டையை ஓரத்துக்கு நகர்த்தும்போது அது திடீரென்று விரைந்து கீழே இறங்கிவிடும், அப்போதுதான் தெரியும்.

மறுபக்கமும் உண்டு. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் நெருப்புப் பந்து விட, கீழ், கீழ்-முன், முன் என்று பெருவிரலை உருட்ட வேண்டும். நடுவில் வரும் அந்தக் குறுக்குத் திசை விழாவிட்டால் பந்து வராது, வெறும் குத்துதான் வரும். டெட்ரிஸ் பிரியருக்குக் குறுக்குத் திசை அரிதாக விழ வேண்டும், சண்டை கேம்காரருக்குத் தாராளமாக விழ வேண்டும். கூர்மையான விளிம்புள்ள நின்டெண்டோ பாணி கூட்டல் குறி முதலாமவருக்கு நெருக்கமானது. சேகாவின் வட்டத் தட்டின் மேல் எழும்பிய குறி உருட்டுவதற்குச் சுகமானது. இரண்டையும் ஒரே டி-பேடில் முழுசாகக் கொடுத்தவர் யாருமில்லை. இதை ஒத்துக்கொண்டால் விமர்சனங்களில் ஒருவர் புகழ்வதும் இன்னொருவர் திட்டுவதும் ஏன் என்று விளங்கிவிடும்.

எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரின் கதைக்கு வருவோம். எக்ஸ்பாக்ஸ் 360இன் டி-பேட் குறுக்குத் திசை விஷயத்தில் கெட்ட பெயர் வாங்கியது. 2010இல் மைக்ரோசாஃப்ட் டி-பேடின் வடிவத்தைத் திருகி மாற்றிக்கொள்ளும் கன்ட்ரோலர் ஒன்றையே வெளியிட்டது. பிந்தைய மாடல்களில் டி-பேட் நன்றாகவே தேறிவிட்டது. ஆனால் அது இருக்கும் இடம் மாறவில்லை: பெருவிரல் இயல்பாக அமரும் இடத்தில் ஸ்டிக், அதற்குக் கீழே உள்தள்ளி டி-பேட். பத்து நிமிடத்துக்குப் பரவாயில்லை. ஒரு மணி நேரம் சூப்பர் நின்டெண்டோ கேம் ஆடினால் பெருவிரலின் அடிமூட்டு சொல்லிக்காட்டும். சோனி கன்ட்ரோலர்களிலும் சூப்பர் நின்டெண்டோ பாணி கன்ட்ரோலர்களிலும் டி-பேட்தான் மேலே இருக்கும்.

கேம் சென்டர் கேம்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1980இல் வந்த பேக்-மேன் எந்திரத்தில் இருந்தது நான்கு திசை மட்டுமே போகும் ஜாய்ஸ்டிக். குறுக்குத் திசை என்ற பேச்சே அதில் கிடையாது. எட்டு திசை போகும் டி-பேடில் ஆடும்போது, திருப்பத்தில் விரல் கொஞ்சம் சறுக்கினாலும் பேக்-மேன் போக வேண்டிய வழியைத் தவறவிட்டுவிடுவார். மேம் என்ற எமுலேட்டர் இத்தகைய கேம்களில் குறுக்குத் திசையை ஏதாவது ஒரு நேர்த்திசையாக மாற்றிப் பார்க்கிறது. முக்கால்வாசி சமயம் அது சரியாக ஊகிக்கும். மீதிக்கு நேர்த்திசை தெளிவாக விழும் டி-பேட் வேண்டும்.

இந்தப் பகுதியில் இரண்டை மட்டும் நினைவில் வையுங்கள்: டி-பேட் பெருவிரல் இயல்பாக அமரும் இடத்தில் இருக்கிறதா, கேட்காமல் குறுக்குத் திசை விழுகிறதா.

அச்சிட்ட எழுத்தை நம்பாதீர்கள்

நின்டெண்டோ வைரத்தில் வலது மூலை ஏ, கீழ் மூலை பி. எக்ஸ்பாக்ஸ் வைரத்தில் கீழ் மூலை ஏ, வலது மூலை பி. ரெட்ரோபேட் நின்டெண்டோ வரிசையைப் பின்பற்றுகிறது. அதனால் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் ஏ என்று எழுதிய பட்டனை அழுத்தினால் நெஸ் கேமுக்கு பி போய்ச் சேரும். இது பிழையில்லை. மென்பொருள் எழுத்தைப் பார்க்காமல் இடத்தைப் பார்க்கிறது. கை பழகுவதும் இடத்துக்குத்தான் என்பதால், இதுவே சரியான முறை என்பது என் கட்சி.

இருந்தாலும் நெஸ் கேம்களுக்கு ஒரு மாற்றம் செய்துகொள்ளுங்கள். 1985இன் சூப்பர் மரியோ பிரதர்ஸில் பி பட்டனைப் பிடித்துக்கொண்டே ஓட வேண்டும், பிடித்தபடியே ஏ பட்டனால் தாவ வேண்டும். பழைய நீள்சதுரக் கன்ட்ரோலரில் பெருவிரல் நுனி பி மேல் இருக்கும், விரலின் கணு ஏ மேல் சாயும். வைர வடிவத்தில் இதே பிடி கிடைக்க வேண்டுமானால் பி பட்டனை இடது மூலைக்கும் ஏ பட்டனைக் கீழ் மூலைக்கும் மாற்ற வேண்டும். சூப்பர் மரியோ வேர்ல்டில் நின்டெண்டோவே ஓடுவதை இடது மூலைக்கும் தாவுவதைக் கீழ் மூலைக்கும் கொடுத்திருந்தது. ஒரு நிமிட வேலை, ஆனால் கேமே வேறு மாதிரி ஆகிவிடும்.

ஸ்டிக்கும் டிரிகரும் எப்போது தேவை?

ஆம்-இல்லை என்று மட்டும் சொல்லாமல், எவ்வளவு என்றும் சொல்லத் தெரிந்த உள்ளீட்டை அனலாக் என்கிறோம். ஸ்டிக்கைக் கொஞ்சம் சாய்த்தால் நடை, முழுக்கச் சாய்த்தால் ஓட்டம். நின்டெண்டோ 64, சேகா ட்ரீம்காஸ்ட், பிளேஸ்டேஷன் 2, கேம்கியூப் இவற்றுக்கு இது கட்டாயம். முதல் பிளேஸ்டேஷனின் தொடக்கக் கன்ட்ரோலரில் ஸ்டிக்கே கிடையாது, 1997இல்தான் சேர்ந்தது. அதனால் அதன் பெரும்பாலான கேம்கள் டி-பேடுக்கே எழுதப்பட்டவை. 1999இல் வந்த ஏப் எஸ்கேப் போன்ற சிலவற்றுக்கு மட்டும் இரண்டு ஸ்டிக்கும் இருந்தே ஆக வேண்டும்.

ஸ்டிக்குக்கு அடியில் வழக்கமாக இருப்பது ஒரு கரித் தடமும் அதன் மேல் உரசிக்கொண்டே நகரும் முள்ளும். உரச உரசத் தடம் தேயும். கையை எடுத்த பிறகும் ஸ்டிக் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதாகச் சொல்ல ஆரம்பிக்கும். இதைத்தான் டிரிஃப்ட் என்கிறார்கள். ஹால் எஃபெக்ட் என்று பெட்டியில் போட்டிருக்கும் ஸ்டிக்குகள் காந்தப் புலத்தின் மாற்றத்தை அளப்பவை. உரசல் இல்லாததால் அந்தத் தேய்மானமும் இல்லை. நல்ல வசதிதான். ஆனால் சூப்பர் நின்டெண்டோ கேம் ஆட அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண், அந்தக் கேம்கள் ஸ்டிக்கைத் தொடப்போவதே இல்லை.

நடுவில் சிறிது தூரம் வரை ஸ்டிக்கின் அசைவை எமுலேட்டர் கண்டுகொள்ளாமல் விடும். அந்தப் பகுதிக்கு டெட்சோன் என்று பெயர். நின்டெண்டோ 64 எமுலேட்டரில் ஸ்டிக்கைப் பாதி தள்ளியதுமே மரியோ தலைதெறிக்க ஓடுகிறார் என்றால் டெட்சோனுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஸ்டிக் வீச்சு அமைப்பைப் பாருங்கள். அசல் ஸ்டிக் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 80 வரைதான் எண்ணும். இன்றைய ஸ்டிக்கின் முழு வீச்சும் அந்த அளவுக்குள் அடங்க வேண்டும்.

டிரிகர் என்பது கீழ்த் தோள் பட்டனின் அனலாக் வடிவம். ட்ரீம்காஸ்டின் கார் கேம்களில் ஆக்சிலரேட்டரும் பிரேக்கும் இதுதான். நின்டெண்டோ ஸ்விட்ச் ப்ரோ கன்ட்ரோலர் விலையுயர்ந்தது, தரமானது, ஆனால் அதன் டிரிகர் அனலாக் இல்லை. ஆம்-இல்லை மட்டும்தான் சொல்லும். கார் ஓட்டப்போகிறவர் விலையைப் பார்த்து அதை வாங்கினால் ஏமாற்றம்தான்.

கணினியோடு பேசும் முறைகள்

ஒரே கன்ட்ரோலர் விண்டோஸில் ஓடுகிறது, போனில் பட்டன் மாறிப்போகிறது என்றால், அது எந்த முறையில் பேசுகிறது என்று பார்க்க வேண்டும். எக்ஸ்இன்புட் என்பது எக்ஸ்பாக்ஸ் 360 காலத்தில் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த முறை. இதில் கன்ட்ரோலரின் வடிவம் முன்கூட்டியே முடிவானது: இரண்டு ஸ்டிக், ஒரு டி-பேட், நான்கு பட்டன், இரண்டு தோள் பட்டன், இரண்டு டிரிகர் என்று போகும். எல்லா மென்பொருளுக்கும் தெரிந்த வடிவம் என்பதால் செருகியதும் ஓடும். ஆறு பட்டன் கன்ட்ரோலரும் இந்த முறையில் பேசும்போது, கூடுதலாக இருக்கும் இரண்டு பட்டன்கள் தோள் பட்டன்களின் பெயரில்தான் போய்ச் சேரும். இதற்கு முந்தைய டைரக்ட்இன்புட் முறையில் பட்டன்களுக்கு வெறும் எண்கள்தான். 3ஆம் எண் எந்தப் பட்டன் என்பதைக் கன்ட்ரோலரே முடிவு செய்யும்.

8பிட்டூ போன்ற நிறுவனங்களின் கன்ட்ரோலர்கள் இரண்டு, மூன்று முறைகளில் பேசக்கூடியவை. ஆன் செய்யும்போது ஸ்டார்ட்டோடு சேர்த்து எந்தப் பட்டனை அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்தோ, பின்புறம் இருக்கும் சிறு சுவிட்சை வைத்தோ முறை மாறும். விண்டோஸில் குழப்பம் வந்தால் எக்ஸ்இன்புட்டுக்கு மாற்றிவிடுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும்.

லேக்: கன்ட்ரோலர்தான் காரணமா?

பட்டனை அழுத்தியதற்கும் திரையில் அதன் விளைவு தெரிவதற்கும் இடையே ஆகும் தாமதம்தான் லேக். நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிநொடி. இந்த அளவை மனதில் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பார்க்க வேண்டும்.

யு.எஸ்.பி. வயரில் கணினி கன்ட்ரோலரை நொடிக்கு 125 முறை விசாரித்தால் இடைவெளி 8 மில்லிநொடி, 1000 முறை விசாரித்தால் 1 மில்லிநொடி. இரண்டுமே ஒரு ஃபிரேமுக்குள் அடங்கிவிடும். கணினியில் செருகும் தனி ரிசீவரோடு (டாங்கிள்) வரும் நல்ல 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் கன்ட்ரோலர்கள் வயருக்கு அருகிலேயே நிற்கும். ப்ளூடூத் கன்ட்ரோலருக்குக் கன்ட்ரோலர், கணினிக்குக் கணினி மாறுபடும், சுற்றிலும் வேறு கருவிகள் இருந்தால் தடுமாறவும் செய்யும். எனவே 'வயர்லெஸ் என்றாலே லேக்' என்பது மிகை.

பெரும்பாலும் உண்மையான குற்றவாளி டிவி. படத்தை மெருகேற்றுகிறேன் என்று அது சில ஃபிரேம்களைத் தன்னிடமே நிறுத்தி வைத்துக்கொள்ளும். டிவியின் அமைப்பில் கேம் மோடைப் போடாமல் கன்ட்ரோலரை மாற்றிக்கொண்டே இருப்பது வீண் செலவு. அதேபோல ப்ளூடூத் இயர்போனில் கேட்டுக்கொண்டு ஆடுபவர்களுக்கு ஒலி பிந்தி வரும். மரியோ தாவிய பிறகு தாவும் சத்தம் கேட்டால் கன்ட்ரோலர் தாமதமாக வேலை செய்வதாகவே மூளை முடிவு கட்டிவிடும். இயர்போனைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஆடிப் பாருங்கள்.

2018இல் ரெட்ரோஆர்ச்சில் ரன்-அஹெட் என்ற வசதி வந்தது. பல கேம்கள் அசல் கருவியிலேயே பட்டனுக்குப் பதில் சொல்ல ஓரிரு ஃபிரேம் எடுத்துக்கொண்டவை. எமுலேட்டர் அடுத்த ஃபிரேமை முன்கூட்டியே கணக்கிட்டு, அந்தக் காத்திருப்பை வெட்டிவிட்டுக் காட்டுகிறது. கணினிக்குக் கொஞ்சம் தெம்பு வேண்டும். ஒரு ஃபிரேமில் தொடங்குங்கள். எண்ணை அளவுக்கு மீறிக் கூட்டினால் அசைவுகள் விட்டுவிட்டுத் தெரியும்.

ஆக, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்றால்: முதலில் டிவியின் கேம் மோட், பிறகு ஒலி, பிறகு வயர் மாட்டி ஒரு சோதனை. இதன் பிறகும் தாமதம் தெரிந்தால்தான் கன்ட்ரோலரைச் சந்தேகிக்க வேண்டும்.

சரி, எதை வாங்குவது?

உங்களிடம் ஏற்கெனவே பிளேஸ்டேஷன் 4 அல்லது 5இன் கன்ட்ரோலர் இருந்தால் இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். டி-பேட் சரியான இடத்தில் இருக்கிறது, இரண்டு ஸ்டிக் இருக்கிறது, டிரிகர் அனலாக்தான். நெஸ்ஸிலிருந்து கேம்கியூப் வரை சமாளித்துவிடும். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் இருப்பவர்கள் நின்டெண்டோ 64, ட்ரீம்காஸ்ட் என்று ஸ்டிக் வேண்டிய கேம்களைத் தாராளமாக ஆடலாம். டி-பேடை மணிக்கணக்கில் அழுத்தப்போகிறவர்கள் மட்டும் மாற்று தேடினால் போதும்.

புதிதாக வாங்குவதானால், பெரும்பாலானவர்களுக்கு என் பரிந்துரை சூப்பர் நின்டெண்டோ உருவத்தில் இரண்டு ஸ்டிக்கும் சேர்ந்து வரும் கன்ட்ரோலர். 8பிட்டூவின் எஸ்என்30 ப்ரோ, ப்ரோ 2 இரண்டும் அந்த வகை. மெகா டிரைவும் சாட்டர்னும் சண்டை கேமும்தான் உங்கள் உலகம் என்றால் அதே நிறுவனத்தின் எம்30 போன்ற ஆறு பட்டன் கன்ட்ரோலர். அதில் ஸ்டிக் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். சில நூறு ரூபாய்க்கு விற்கும் பெயரில்லாத சூப்பர் நின்டெண்டோ பாணி யு.எஸ்.பி. கன்ட்ரோலர்களை எடுத்ததும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பட்டன்கள் ஒழுங்காகவே இருக்கும். டி-பேட் மட்டும் லாட்டரிச் சீட்டு. அசல் பழைய கன்ட்ரோலரே பெட்டியில் பத்திரமாக இருக்கிறது என்றால், அதை யு.எஸ்.பி.யாக மாற்றும் அடாப்டர்கள் கிடைக்கின்றன. கை பழகிய பிடிக்கு அதைவிட நெருக்கமானது எதுவும் இல்லை.

எந்தக் கன்ட்ரோலராலும் ஈடுசெய்ய முடியாத கேம்களும் உண்டு. டக் ஹன்ட் மாதிரியான துப்பாக்கி கேம்கள் பழைய பிக்சர் டியூப் டிவி படம் வரையும் விதத்தை நம்பியவை. இன்றைய திரையில் அந்தத் துப்பாக்கி குருடு. திருகும் குமிழால் ஆடிய பிரேக்அவுட் வகைக் கேம்களுக்கு டி-பேடையும் ஸ்டிக்கையும்விட மவுஸ் எவ்வளவோ மேல்.

வாங்கியதும் செய்ய வேண்டிய சோதனை

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். கன்ட்ரோலர் சோதிக்கும் இணையப் பக்கம் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். எந்தப் பட்டன் அமுங்குகிறது என்று திரையில் காட்டும். டி-பேடில் வலதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பெருவிரலை மேலும் கீழும் லேசாக ஆட்டுங்கள். நீங்கள் இயல்பாக ஆடும்போது விரல் எவ்வளவு அசையுமோ அவ்வளவுதான். அதற்கே மேல், கீழ் விளக்குகள் மின்னக் கூடாது. நான்கு திசைக்கும் இப்படியே. அப்புறம் பெருவிரலை மெதுவாக வட்டமாக உருட்டுங்கள். எட்டு திசையும் ஒன்றும் விடுபடாமல் வரிசையாக வர வேண்டும். ஸ்டிக்கை ஒவ்வொரு பக்கமும் தள்ளி விட்டுவிட்டு, நடுவுக்குத் திரும்புகிறதா என்று எண்களைப் பாருங்கள். கடைசியாகக் கீழ் மூலைப் பட்டனையும் இடது மூலைப் பட்டனையும் ஒரே பெருவிரலால் சேர்த்து அழுத்திப் பாருங்கள், மரியோவுக்கு அது வேண்டும்.

ஸ்டிக் மட்டும் நடுவிலிருந்து இம்மியளவு விலகி நின்றால் டெட்சோனைக் கூட்டிச் சமாளித்துவிடலாம். பட்டன் இடம் பிடிக்கவில்லை என்றால் மேப்பிங் இருக்கிறது. கேட்காமல் குறுக்குத் திசை விழும் டி-பேடுக்கு மட்டும் மென்பொருளில் நல்ல மருந்து இல்லை. அதைத் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.